புலி மீட்புத் திட்டம் எழுதுவது எப்படி: பெண்புலியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

தீவகற்ப மலேசியாவின் காட்டுப் புலிகளுக்காக 2008-இலேயே ஒரு தேசியத் திட்டம் வந்துவிட்டது. 2020-க்குள் சுமார் ஆயிரம் புலிகள் என்பது அதன் இலக்கு. 2016-இல் தொடங்கி 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு முடிந்தபோது மிஞ்சியிருந்தவை 150-க்கும் குறைவு.

ஆயிரம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு காட்டில் வேலை செய்ய முடியாது. நாளைக் காலையில் எந்த முகட்டில் ஏறுவது, எந்த ஆற்றங்கரையில் கண்ணி தேடுவது என்று அந்த எண் சொல்லாது. கோலாலம்பூரில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து திட்டம் எழுதும் குழுவுக்கு, அது பல்கலைக்கழகமாக இருந்தாலும் தொண்டு நிறுவனமாக இருந்தாலும், முதலில் தேவைப்படுவது சின்னக் கணக்கு: நம் காட்டில் குட்டி ஈனும் பெண்புலிகள் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை சாகின்றன, ஏன் சாகின்றன. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இடத்தைக் குறுக்குங்கள்

பேராக்கின் பெலும்-தெமெங்கோர், மூன்று மாநிலங்களில் விரியும் 4,343 சதுர கிலோமீட்டர் தாமான் நெகாரா, தெற்கே எண்டாவ்-ரொம்பின் ஆகியவையே முன்னுரிமைப் பகுதிகள். மூன்றையும் ஒரே திட்டத்தில் அடைத்தால் பணமும் ஆளும் எல்லா இடத்திலும் மெலிந்துபோகும். 1,500 முதல் 2,000 சதுர கிலோமீட்டர் வரை ஒரே தொடர்ச்சியாக உள்ள ஒரு மையக் காட்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது குட்டியோடு பெண்புலி பதிவாகும் காடாக அது இருக்கட்டும். படத்தில் அழகாகப் பச்சையாகத் தெரிந்தும் புலி இல்லாத காட்டை இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்குங்கள். பெண்புலி பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எல்லை பிடிக்கும், ஆண்தான் தொலைதூரம் போகும். அதனால் காலிக்காடு தானாக நிரம்பப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

தேர்ந்தெடுத்ததும் நில ஆவணங்களைப் பாருங்கள். அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில், வனவிலங்குப் பாதுகாப்பு மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பட்டியலில். அதாவது புலிக்குப் பொறுப்பு பெர்ஹிலித்தான் என்னும் மத்திய வனவிலங்குத் துறை, புலி நிற்கும் மண்ணுக்குப் பொறுப்பு மாநில அரசு. வனத்துறையின் நிரந்தரக் காப்புக்காடு என்று வரைபடத்தில் இருப்பதால் அங்கே மரம் வெட்ட மாட்டார்கள் என்று பொருள் இல்லை. காப்புக்காட்டுக்குள்ளேயே ஒரே வகை மரத் தோட்டம் போட அனுமதி இருக்கலாம். ஒவ்வொரு வனப்பிரிவுக்கும் வெட்டு உரிமம் எந்த ஆண்டு வரை, யாரிடம் என்று ஓர் அட்டவணை தயாரித்துத் திட்டத்தின் முதல் இணைப்பாக வையுங்கள். இதைச் செய்யாமல், புலியைப் படம்பிடிக்கத் தானியங்கிக் கேமரா கட்டப் போன குழுக்கள், மூன்றாம் ஆண்டில் தங்கள் கேமரா நின்ற இடத்தில் டுரியான் கன்றுகளைப் பார்க்க நேரிடும்.

மாநில அரசிடம் பேசும்போது வருமானக் கேள்வி வரும். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019 முதல் தனி நிதி ஒதுக்குகிறது. அந்தப் பணத்தில் எவ்வளவு இந்தக் காட்டுக்குத் திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். பகாங்கில் தாமான் நெகாராவை ஒட்டி 2023-இல் சுமார் 1,340 சதுர கிலோமீட்டர் அல்-சுல்தான் அப்துல்லா அரசப் புலிக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மாநிலம் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு மேசையில் வைக்க அது நல்ல எடுத்துக்காட்டு.

எண்களைப் போட்டுப் பாருங்கள்

உங்கள் மையக் காடு 2,000 சதுர கிலோமீட்டர், நூறு சதுர கிலோமீட்டருக்கு 0.6 வளர்ந்த புலி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12. அவற்றில் பெண் 7 இருக்கலாம். வளர்ந்த பெண்புலிகளில் ஆண்டுக்கு 15 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தக் கூட்டம் சரியும் என்பது புலி ஆய்வில் நன்கு தெரிந்த எல்லை. ஏழில் 15 சதவீதம் எவ்வளவு? ஒன்று. இயற்கையாகச் சாவது, ரோட்டில் அடிபடுவது, கண்ணியில் மாட்டுவது எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரே ஒரு பெண்புலி. இரண்டாவது செத்தால் உங்கள் திட்டம் பின்னோக்கிப் போகிறது.

இந்த ஒரு வரியை அமைச்சகக் கூட்டத்தில் முதல் பக்கத்தில் போடுங்கள். பத்துப் பக்கத் தொலைநோக்கை விட இதுதான் வேலை செய்யும்.

வரவுப் பக்கமும் மெதுவானதே. பெண்புலி மூன்று நான்கு வயதில் முதல் குட்டி போடும். கர்ப்பம் சுமார் 105 நாள், ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டி, அடுத்த ஈற்றுக்கு இரண்டு முதல் இரண்டரை ஆண்டு. குட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் முதல் ஆண்டைத் தாண்டாது. எல்லாம் சரியாக நடந்து ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால்கூட இரட்டிப்பாக ஒன்பது ஆண்டு ஆகும். ஆகவே திட்டத்தின் ஆயுள் குறைந்தது 15 ஆண்டு. ஐந்தாண்டுத் திட்டம் என்பது தேர்தலுக்குப் பொருந்தும், புலிக்குப் பொருந்தாது. நேபாளம் 2009-இல் 121 புலியிலிருந்து 2022-இல் 355-க்கு வந்தது. அங்கே இரை நிறைந்த புல்வெளி இருந்தது. மழைக்காட்டில் அந்த வேகத்தை எதிர்பார்த்து வாக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் மூன்று ஆண்டு: கண்ணி

பெலும்-தெமெங்கோரில் 2009-க்கும் 2018-க்கும் இடையில் புலிகள் பாதிக்கும் கீழாகக் குறைந்ததற்குக் கம்பிக் கண்ணிதான் பெரிய காரணம். வண்டிப் பிரேக் கேபிளோ எஃகுக் கம்பியோ போதும். இளமரத்தை வளைத்து, சுருக்கைத் தடத்தில் மண்ணுக்கடியில் பதித்து, காலை வைத்ததும் இழுத்துப் பிடிக்கும்படி கட்டுவார்கள். ஒரு வரிசையில் பத்து இருபது இருக்கும், சில இடத்தில் நூறு கூட. புலி, கடமான், கரடி, யானைக்கன்று எல்லாமே மாட்டும். கம்பியை அறுத்துக்கொண்டு தப்பும் புலியும் காலை இழந்து, வேட்டையாட முடியாமல் சாகிறது.

எங்கே தேடுவது? விலங்கு எங்கே நடக்கிறதோ அங்கே. முகட்டுத் தடம், பழைய மர லாரிப் பாதை, ஆறு கடக்கும் துறை, மலாயில் சிரா என்று சொல்லும் உப்பு ஊற்றுகள். அகில் கட்டை தேடி வருபவர்களும் வெளிநாட்டு வேட்டைக் கும்பல்களும் மாதக்கணக்கில் உள்ளே தங்குகிறார்கள். அவர்கள் முகாமைக் கண்டுபிடித்தால் சுற்றிலும் கண்ணி வரிசை இருக்கும். பழைய முகாமையும் விடாதீர்கள், அடுத்த பருவத்தில் அதே இடத்துக்குத் திரும்ப வருவார்கள்.

ரோந்துக்கு ஆள் கணக்கு இப்படிப் போடலாம். 2,000 சதுர கிலோமீட்டரை 4 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்தால் 125 கட்டம். ஆறு பேர் கொண்ட எட்டுக் குழு, ஒவ்வொன்றும் மாதம் பத்து நாள் உள்ளே. மழைக்காட்டு மலையில் முதுகுச் சுமையோடு ஒரு நாளில் தேடிக்கொண்டே நடக்கக்கூடியது 6 கிலோமீட்டர்தான். எட்டுக் குழு, பத்து நாள், ஆறு கிலோமீட்டர்: 480 கிலோமீட்டர். ஒரு கட்டத்தில் 4 கிலோமீட்டர் நடந்தால் கிட்டத்தட்ட எல்லாக் கட்டத்தையும் மாதம் ஒருமுறை தொடலாம். 48 பேர் தேவை, ஆனால் 60 பேரை எடுங்கள். குரங்கு மலேரியா, எலிக்காய்ச்சல், முழங்கால் வலி, நெல் அறுவடை, பிள்ளையின் பள்ளித் தொடக்கம் என்று எப்போதும் ஐந்தில் ஒருவர் இருக்க மாட்டார். இந்த உபரி ஆளைத்தான் பட்ஜெட் வெட்டுபவர்கள் முதலில் வெட்டுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

யாரை எடுப்பது? முன்னாள் ராணுவத்தினரையும் ஒராங் அஸ்லி என்னும் பழங்குடி மக்களையும் ரோந்துக்கு எடுக்கும் முறை ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. தாமான் நெகாராவில் பாத்தேக், பெலும்-தெமெங்கோரில் ஜஹாய், தெமியார், எண்டாவ்-ரொம்பினில் ஜாக்குன் மக்களுக்குத் தெரிந்த காட்டை எந்த ஜிபிஎஸ் கருவியும் கற்றுத் தராது. ஆனால் அவர்களை நாள்கூலிக்கு வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, முடிந்ததும் அனுப்பிவிடும் பழக்கம் திட்டத்தைக் கெடுக்கும். ஆண்டு முழுதும் சம்பளம், சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதி, இபிஎஃப் என்னும் சேமநிதி, மற்றவர்களுக்குச் சமமான படி என்று ஒப்பந்தம் போடுங்கள். கூட்டம் கூட்டிக் கையெழுத்து வாங்குவது மட்டும் ஒப்புதல் ஆகாது. சொந்த உணவுக்காக அவர்கள் வேட்டையாடச் சட்டம் சில விலங்குகளுக்கு இடம் தருகிறது. எந்தப் பகுதியில், எந்த விலங்கு என்பதை முதலிலேயே கிராமத்தோடு பேசி முடிவு செய்துவிட்டால், பிறகு ரோந்துக்காரனே தன் மாமாவைப் பிடிக்க வேண்டிய சங்கடம் வராது.

புதுக் கண்ணியைக் கண்டதும் கத்தியை எடுத்து அறுப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். அதில் ஒரு கேள்வி இருக்கிறது. கண்ணி போட்டவன் மூன்று நாளில் திரும்ப வருவான். அறுத்தால் விலங்கு பிழைக்கும், ஆள் தப்புவான். உயிருள்ள விலங்கு மாட்டும் ஆபத்து உடனடியாக இருந்தால் நீண்ட கம்பால் விசையைத் தட்டி விடுவித்துவிடுங்கள். இல்லையென்றால் தடத்தை மிதிக்காமல் தொலைவிலிருந்து படம், ஜிபிஎஸ், நேரம் எல்லாம் எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் முடிவை விடுங்கள். பிடிபட்டவனின் வழக்கு பெரும்பாலும் சாட்சியச் சங்கிலியில்தான் அறுபடுகிறது: எந்தப் பையில் யார் கம்பியைப் போட்டார், முத்திரை எண் என்ன, நிலையத்தில் யார் வாங்கினார். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட் வரையும் சிறையைப் பதினைந்து ஆண்டு வரையும் உயர்த்தியிருக்கிறது. படிவம் சரியில்லாததால் கைவிடப்படும் வழக்கில் அந்தப் பதினைந்து ஆண்டு யாருக்கும் உதவாது.

காட்டு ரோந்து பாதி வேலைதான். மற்ற பாதி சாலையில் நடக்கிறது: உள்ளே போகும் அரிசி, வெளியே வரும் எலும்பு. 2019-இல் தொடங்கிய ஒப்பெராசி பெர்செபாடு கசானா என்னும் கூட்டு நடவடிக்கையில் பெர்ஹிலித்தானும் போலீசும் சேர்ந்து இயங்குகின்றன. உங்கள் குழு தனியாகத் துப்பறிய வேண்டாம். துப்பை அவர்களிடம் சேர்ப்பதற்கு ஒரே ஓர் ஆளை நியமியுங்கள். பத்துப் பேர் பத்து அதிகாரிக்கு வாட்சப் அனுப்பினால் செய்தி வெளியே கசியும்.

கணக்கெடுப்பு

ரோந்துக் குழு நடக்கத் தொடங்கிய பிறகே கேமரா. கேமராவை முதலில் கட்டினால் திருடுபோகும்.

4 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம், நிலையத்துக்கு இரண்டு கேமரா, ஆக 250. பணம் போதாவிட்டால் காட்டை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்துச் செய்யுங்கள், கட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். இரண்டு கேமரா எதற்கு? புலியின் இடது பக்க வரியும் வலது பக்க வரியும் வேறு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒரே புலி இரண்டாக எண்ணப்படலாம். ஒன்றுக்கொன்று நேரெதிராக வைக்காமல் கொஞ்சம் விலக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் வெளிச்சத்தில் மற்றதன் படம் வெளுத்துவிடும். தரையிலிருந்து 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரம், தடத்திலிருந்து மூன்று மீட்டர். வெள்ளை ஒளி அடிக்கும் கேமராவில் வரி கூர்மையாக விழும், அகச்சிவப்பில் ஓடும் புலி கலங்கும்.

பழுதாவது எப்படி என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தேதியும் நேரமும் தவறாக வைத்துவிட்டால் அந்தக் கேமராவின் மூன்று மாதமும் வீண், எனவே கட்டியவர் ஒரு தாளில் நேரத்தை எழுதிக் கேமரா முன் காட்டி ஒரு படம் எடுக்க வேண்டும். எறும்பு கூடு கட்டும், யானை பிடுங்கி எறியும், வெயில் பட்ட இலை ஆடியே நினைவட்டையை நிரப்பிவிடும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், முன்னால் ஒரு மீட்டர் செடியை வெட்டுங்கள், லித்தியம் பேட்டரியே வாங்குங்கள். மாதம் ஒருமுறை சரிபாருங்கள். கிழக்குக் கரைப் பக்கக் காடென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகாதீர்கள், வெள்ளம் பாலத்தையும் கேமராவையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஒரு சுற்று 60 முதல் 90 நாளுக்குள் முடியட்டும். நீண்டால் இடையில் பிறப்பும் சாவும் நுழைந்து கணக்குக் கெடும்.

முடிவு வரும்போது ஏமாறாதீர்கள். எடுத்துக்காட்டாக, 12 என்று வரும், ஆனால் அதன் வரம்பு 7 முதல் 20 வரை இருக்கும். மூன்று ஆண்டு கழித்து 14 என்று வந்தால் அதைப் பத்திரிகைக்குக் கொடுத்து வெற்றி கொண்டாடக் கூடாது. புலி எண்ணிக்கை மெதுவாகத்தான் பேசும். ஆண்டுதோறும் பார்க்க வேண்டியவை மூன்று: நூறு கிலோமீட்டர் நடைக்கு எத்தனை கண்ணி கிடைத்தது, எத்தனை நிலையத்தில் கடமான் பதிவானது, குட்டியோடு எத்தனை பெண்புலி. முதல் எண் மட்டும் இரண்டு விதமாக விழும். ரோந்து கூடும்போது கண்ணி எண்ணிக்கையும் முதலில் கூடும், பிறகுதான் குறையும். இரண்டாம் ஆண்டில் கண்ணி அதிகமாகக் கிடைத்தது என்று பயந்து நிதியை நிறுத்திவிடக் கூடாது.

இரை

ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரை வேண்டும். மான் கூட்டத்தில் ஆண்டுக்குப் பத்தில் ஒன்றை எடுத்தால் கூட்டம் தாங்கும். அதாவது ஒரு புலிக்கு 500 உயிருள்ள இரை. உங்கள் 2,000 சதுர கிலோமீட்டரில் சதுர கிலோமீட்டருக்கு நான்கு இரை இருந்தால் மொத்தம் 8,000, அது 16 புலிக்குப் போதும். 40 புலி என்று இலக்கு வைத்தால் சதுர கிலோமீட்டருக்குப் பத்து இரை வேண்டும். உங்கள் கேமரா அதைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இலக்கை எழுதுங்கள். காட்டுப்பன்றி வேகமாகப் பெருகும் என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் இளகும், அவ்வளவே.

அந்தக் காட்டுப்பன்றியே கைவிட்டுப் போன கதையும் உண்டு. 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மலேசியாவுக்குள் வந்தது. கடமான் ஏற்கெனவே வேட்டையால் அருகிப்போயிருந்ததால் புலி பெரும்பாலும் பன்றியை நம்பியிருந்தது. பன்றி செத்தால் புலி காட்டை விட்டுத் தோட்டத்துக்கு இறங்கும். ஆகவே பன்றிச் சடலம் கண்டால் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்கும் வழியும், கடமானை மீட்கும் தனி அத்தியாயமும் திட்டத்தில் வேண்டும். கடமானை வெளியிலிருந்து கொண்டுவந்து விடுவது கடைசி வழி. அதற்கு முன் உப்பு ஊற்றுகளைச் சுற்றிக் கண்ணி இல்லாமல் காத்தாலே மான் திரும்பும். வளர்ப்பு மானை விடுவதென்றால் நோய்ச் சோதனை செய்து, சில வாரம் வேலிக்குள் வைத்துப் பழக்கி, பிறகு கதவைத் திறந்துவிட்டு அதுவாக வெளியேற விடுங்கள்.

சாலையும் தோட்டமும்

சுங்கை யூவில் கோலா லிப்பிஸ்-குவா மூசாங் சாலையைத் தூண்களில் உயர்த்தி, அடியில் விலங்கு கடக்க வழிவிட்டிருக்கிறார்கள். தாமான் நெகாராவையும் தித்திவங்சா மலைத்தொடரையும் இணைக்கும் இடுக்கு அது. கான்கிரீட் போடுவது எளிது. பாலத்தின் இருபுறமும் உள்ள நிலம் மாநில நிலமாக, யாருக்கும் பிரித்துக் கொடுக்கக்கூடியதாக இருக்கும் வரை, அந்தப் பாலத்துக்கு ஆயுள் காப்பீடு கிடையாது. நில அலுவலகத்தில் அந்தத் துண்டுகளின் எண்களை எடுத்து, காப்புக்காடாக அரசிதழில் வரும் வரை பின்தொடர ஒரு வழக்கறிஞரை வையுங்கள். பாலத்தின் கீழ் கூடாரம் அடிப்பதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் நின்றால்தான் புலி நம்பி நடக்கும். கெரிக்-ஜெலி போன்ற நீண்ட காட்டுச் சாலைக்குப் பாலம் மட்டும் போதாது, இரவு வேகக் கட்டுப்பாடும் வேண்டும்.

காட்டோரச் செம்பனைத் தோட்டங்களில் மாடு மேய்ப்பவர்கள் நம் ஆட்களும்தான். புலி வந்த பிறகு பேசப் போனால் கோபம் மட்டும் கிடைக்கும். முன்பே போங்கள். இரவில் மாட்டை அடைக்க உயரமான பட்டி, இருட்டோடு ரப்பர் பால் வெட்டவோ பழம் அறுக்கவோ தனியாகப் போகாமல் இருவராகப் போவது, தடம் கண்டால் யாரைக் கூப்பிடுவது என்று தமிழிலும் எழுதிய ஒரு தாள். கூப்பிட்டால் சில மணி நேரத்தில் ஆள் வர வேண்டும். மறுநாள் வந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள், விஷம் வைப்பார்கள். இழப்பீடு எங்கிருந்து, எத்தனை நாளில் என்பதையும் எழுதிவைக்காமல் அந்தத் தாளைக் கொடுக்காதீர்கள்.

நாயை மறக்க வேண்டாம். 2019-இல் திரெங்கானுவில் ஊருக்குள் வந்து பிடிக்கப்பட்ட அவாங் பெசுல் என்ற புலி, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயால் செத்தது. காட்டோரத் தோட்டங்களிலும் ஒராங் அஸ்லி கிராமங்களிலும் உள்ள நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது ஒரு கேமராச் சுற்றின் செலவைவிடக் குறைவு. வேறு காட்டு விலங்குகளும் அந்த நோயைச் சுமக்கக்கூடும் என்பதால் இது முழுக் காப்பு ஆகாது, ஆனாலும் போடுங்கள்.

வெளியிலிருந்து புலி கொண்டுவந்து விடுவது

இதைத்தான் நன்கொடையாளர்கள் முதலில் கேட்பார்கள், ஏனென்றால் கூண்டுக் கதவு திறக்கும் படம் நன்றாக இருக்கும். கடைசியில் வையுங்கள். இந்தியாவில் சரிஸ்காவும் பன்னாவும் முழுக்கப் புலியை இழந்து மீண்டவை. சரிஸ்காவில் 2008-இல் விட்ட முதல் புலிகளில் ஆணுக்கு 2010-இல் விஷம் வைத்தார்கள். புலி செத்துப்போன காரணம் தீரும் முன் அடுத்த புலி வந்திருந்தது. பன்னாவில் 2009-இல் விட்ட ஆண்புலி, தான் வந்த பெஞ்ச் காட்டைத் தேடி நடக்கத் தொடங்கியது. யானைகளோடும் ஆட்களோடும் வாரக்கணக்கில் பின்தொடர்ந்து, மயக்க ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதன் குட்டிகளால்தான் இன்று பன்னா நிரம்பியிருக்கிறது. தாயில்லாமல் மனிதர் வளர்த்த பெண்புலிகளும் அங்கே 2011-இல் விடப்பட்டுக் காட்டில் குட்டி ஈன்றன. ஆகவே வளர்ப்புப் புலியால் முடியவே முடியாது என்பதும் சரியில்லை.

நம் மழைக்காட்டில் யானை மேல் உட்கார்ந்து பின்தொடர முடியாது, கழுத்துப்பட்டையின் சமிக்ஞையும் அடர்ந்த மரத்தடியில் விட்டுவிட்டுத்தான் வரும். எனவே விடுவதற்கு முன் நான்கு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். கடைசி 24 மாதத்தில் அந்தக் கட்டங்களில் புதுக் கண்ணி எத்தனை? இரைக் கணக்கு இன்னும் இரண்டு பெண்புலியைத் தாங்குமா? அருகே ஏற்கெனவே எல்லை பிடித்த பெண்புலி இருக்கிறதா, அவள் புதியவளைக் கொல்வாளா? அது தோட்டத்துக்கு இறங்கினால், விடிகாலை மூன்று மணிக்குப் போனை எடுத்து வண்டி கிளப்பப்போகும் கால்நடை மருத்துவர் யார், அவர் எந்த ஊரில் தங்கியிருக்கிறார்? நான்காவது கேள்விக்குக் கோலாலம்பூர் என்று பதில் வந்தால் விடாதீர்கள். அங்கிருந்து தாமான் நெகாராவை ஒட்டிய மெராப்போவுக்கே நான்கு மணி நேரம்.